சுவரைக் கொத்துவதற்கு முன்னால்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிலிப்பைன்ஸில் ஸ்பானியர் காலத்துத் தேவாலயங்களைப் பாதுகாப்பது பற்றி உங்கள் ஞாயிறு இதழில் ஒரு சிறு கட்டுரை வந்தது. அடுத்த வாரமே வெள்ளவத்தை வாசகர் ஒருவர் சூடாகப் பதில் எழுதியிருந்தார். அடிமைப்படுத்தியவன் கட்டிய கட்டடத்துக்கு மரபுரிமை என்று பெயர் வைத்துக் காசைக் கொட்டுகிறார்களே, அதை நீங்களும் புகழ்ந்து போடுகிறீர்களே, ஸ்பெயின்காரனின் கோயிலுக்கும் கொழும்பில் இருக்கும் தமிழனுக்கும் என்ன சம்பந்தம் என்பது அவர் கேள்வி. நியாயமான கேள்விதான். மூன்று வாரமாக இதை மனதுக்குள் போட்டு அரைத்துக்கொண்டிருந்தேன், என் புலம்பல் தாங்காமல் மனைவி "அதை எழுதித்தான் தொலையுங்கோவன்" என்று சொன்ன பிறகு உட்கார்ந்திருக்கிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும். வெட்டுவதானால் நடுவில் வெட்டுங்கள், கடைசிப் பகுதியில் மட்டும் கை வைக்க வேண்டாம்.

சம்பந்தம் கேட்டாரே, அதையே முதலில் சொல்லிவிடுகிறேன். 1580இலிருந்து 1640 வரை போர்த்துக்கலுக்கும் ஸ்பெயினுக்கும் ஒரே ராஜா. கொழும்புக் கோட்டையில் இருந்தவன் போர்த்துக்கேயன்தான், ஆனால் அவனுக்கு மேலே இருந்த ராஜா ஸ்பெயினின் ராஜா. கோட்டே அரசன் தர்மபாலன் 1597இல் இறந்தபோது அவன் எழுதிக்கொடுத்த ராச்சியம் போய்ச் சேர்ந்தது ஸ்பெயினின் இரண்டாம் பிலிப்பின் கையில். பிலிப்பைன்ஸ் என்ற நாட்டுக்குப் பெயர் வந்ததே இந்த பிலிப்பிடமிருந்துதான். அவனுடைய மகன் மூன்றாம் பிலிப் ஆண்ட காலத்தில், 1619இல், யாழ்ப்பாண ராச்சியம் விழுந்தது. ஆக மணிலாவும் கொழும்பும் யாழ்ப்பாணமும் ஒரு காலத்தில் ஒரே முதலாளியின் மூன்று கடைகள். பள்ளிக்கூடத்தில் நமக்கு இதை யாரும் சொல்லித் தரவில்லை. போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், ஆங்கிலேயர் என்று மூன்று பெயரை வரிசையாக ஒப்புவித்ததோடு சரி.

அந்த வாசகரின் கோபம் பொய் என்று நான் சொல்ல வரவில்லை. நல்லூர்க் கந்தசுவாமி கோயிலைப் போர்த்துக்கேயர் 1621இல் இடித்தார்கள், திருக்கோணேச்சரத்தை இடித்து அந்தக் கல்லையே கோட்டை கட்ட எடுத்ததும் அதற்குக் கிட்டத்தட்டத்தான். என் அம்மாவின் பக்கத்தில் பாதிப் பேர் சைவம், ஆடிவேலுக்குத் தேர் பார்க்க என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு போன மாமா இருந்தார், அதனால் இந்தக் கதையைக் கேட்டு வளர்ந்தவன் நான். பிலிப்பைன்ஸிலும் அப்படித்தான். அங்கே 16 வயதிலிருந்து 60 வயது வரை ஆண்கள் வருடத்துக்கு 40 நாள் அரசாங்கத்துக்குக் கட்டாய வேலை செய்ய வேண்டும் என்று ஸ்பானியன் சட்டம் போட்டு வைத்திருந்தான். மரம் வெட்டினார்கள், கப்பல் கட்டினார்கள், கோயிலுக்கும் கல் சுமந்தார்கள். அந்த முதுகுகள் இல்லாமல் அந்தச் சுவர்கள் எழும்பியிருக்காது.

ஆனால் அதனாலேயே அந்தச் சுவர் யாருடையது என்ற கேள்வி வருகிறது. இந்தக் கேள்வி எனக்குப் புத்தகத்திலிருந்து வந்ததில்லை, ஒரு கல்யாண வீட்டில் வந்தது.

நான் கப்பல்காரன். இருபத்திரண்டு வருடம் எஞ்சின் அறையில் ஃபிட்டர். கூட வேலை செய்தவர்களில் பாதிக்கு மேல் பிலிப்பைன்ஸ்காரர். முதல் கப்பலில் ஏறி இரண்டாம் நாள், எனக்கு ஒருவரும் பழக்கமில்லை, பசியில் வழி தெரியாமல் நிற்கிறேன், சமையல்காரன் கையை நீட்டி "குசினா" என்றான். நான் பேசாமல் குசினிக்குப் போய்ச் சோற்றைப் போட்டுக்கொண்டேன். பிறகுதான் யோசித்தேன், இவனுக்கு எப்படித் தமிழ் தெரியும் என்று. அவனுக்குத் தெரிந்தது ஸ்பானியன் விட்டுப் போன சொல், எனக்குத் தெரிந்தது போர்த்துக்கேயன் விட்டுப் போன சொல். அவர்கள் சப்பாத்தோஸ் என்பதை நாம் சப்பாத்து என்கிறோம், அவர்களுடைய மேசாதான் நம்முடைய மேசை. கதிரை போர்த்துக்கேயச் சொல் என்பதற்காக நம்மில் யாரும் நின்றுகொண்டு சாப்பிடுவதில்லை, பாண் அந்நியன் கொடுத்த பெயர் என்று காலையில் கடைக்குப் போகாமல் இருப்பதும் இல்லை. (தமிழ்நாட்டில் கச்சானுக்கே மணிலாக்கொட்டை என்று பெயர், அது வேறு கதை.)

எங்கள் போசன், அதாவது கப்பலின் மேல்தட்டு ஆட்களுக்கு மேஸ்திரி, பிலிப்பைன்ஸில் இலோய்லோப் பக்கத்துக்காரன். நான் கப்பலை விட்டுக் கரைக்கு வந்த பிறகும் தொடர்பு விடவில்லை, அவன் மகளின் கல்யாணத்துக்குக் கட்டாயம் வர வேண்டும் என்று நின்றான், போனேன். கல்யாணம் மியாகாவ் ஊர்க் கோயிலில். 1787இல் தொடங்கி 1797இல் முடித்த கோயில் அது. கடற்கரை ஊர், தெற்கிலிருந்து கடல்வழியாகக் கொள்ளைக்காரர் வந்து ஊரையே தூக்கிக்கொண்டு போன காலம், ஆகவே கோட்டை மாதிரி தடித்த சுவர், காவல் பார்க்க இரண்டு பக்கமும் கோபுரம், அந்த இரண்டும் ஒன்றுக்கொன்று உயரத்தில் ஒத்துப்போகாது. நிறம் காய்ந்த மஞ்சள், வெயில் சாயும்போது பழுத்த மாம்பழம் மாதிரி இருக்கும்.

பெண்ணும் மாப்பிள்ளையும் வர நேரமானது, நான் வெளியே நின்று முகப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நடுவில் கிறிஸ்தோப்பர் புனிதர், தோளில் குழந்தை இயேசு, ஆற்றைக் கடக்கிறார். அவர் கையில் பிடித்திருப்பது தென்னை மரம். ஊன்றுகோல் இல்லை, வேரோடு பிடுங்கின முழுத் தென்னை. இரண்டு பக்கமும் பப்பாசி மரம், காய் காய்த்துத் தொங்குகிறது, கொய்யாவும் இருக்கிறது. போசனின் பெரியம்மா, எண்பது வயதிருக்கும், என் கையைப் பிடித்து இழுத்து ஒவ்வொரு பழமாகக் காட்டினார், சொந்த வளவில் நிற்கும் மரத்தைக் காட்டுகிற மாதிரி. கிறிஸ்தோப்பர் கடந்த ஆற்றங்கரையில் பப்பாசி எப்படி வந்தது? கல் கொத்தியவன் கொண்டுவந்தான். பாதிரி புனிதரைச் செதுக்கச் சொல்லியிருப்பார், உளி பிடித்தவன் தன் ஊரைச் செதுக்கிவிட்டான். நாற்பது நாள் கட்டாய வேலைக்கு இழுத்துக்கொண்டு வரப்பட்டவனின் பேரனோ பூட்டனோ அவன், யார் கண்டது, பெயர் எங்கும் இல்லை, அந்தப் பப்பாசி மட்டும் இருக்கிறது. அதை அடிமைச் சின்னம் என்று இடித்தால் இடிபடுவது ஸ்பெயின் ராஜா இல்லை, இவன்தான்.

இன்னொன்றும் அங்கே பார்த்தேன், இதற்காகத்தான் இந்தக் கடிதமே. பூ அலங்காரம் செய்ய வந்த பையன் சுவரில் ரிப்பன் கட்ட ஒரு சின்ன ஆணியை எடுத்தான், முக்கால் அங்குலம் இருக்கும். கோயிலைப் பார்த்துக்கொள்கிற கிழவர் எங்கிருந்து வந்தாரோ தெரியாது, விசிறி மட்டையால் அவன் கையில் தட்டினார். சத்தம் போடவில்லை, திட்டவும் இல்லை. பையன் ஆணியைப் பொக்கற்றில் போட்டுக்கொண்டு ரிப்பனை வாங்கிலே கட்டினான். அவ்வளவுதான். பத்து விநாடி. அந்தக் கோயில் உலக மரபுரிமை என்று 1993இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியதற்கு வெளியே பலகை வைத்திருக்கிறார்கள், நான் அதையும் படம் எடுத்தேன், ஆனால் அந்தப் பட்டியல் உண்மையில் வேலை செய்வதை நான் கண்டது அந்த மட்டை அடியில்தான்.

1993இல் சேர்த்தது மொத்தம் நான்கு கோயில்கள். மியாகாவ் ஒன்று, வடக்கே இலோகோஸ் பக்கம் சாந்தா மரியாவும் பாவாயும், மணிலாக் கோட்டைக்குள் சான் அகுஸ்தின். பாவாய்க் கோயிலை நான் படத்தில்தான் பார்த்திருக்கிறேன், முருகைக்கல்லும் செங்கல்லும், பூமியதிர்ச்சியில் சுவர் விழாமல் இருக்க வெளிப்பக்கம் முட்டுக் கொடுத்தது போல 24 பெரிய தாங்கு சுவர்கள், 1710இல் முடித்தது. மணிக்கோபுரத்தைக் கோயிலோடு ஒட்டாமல் தள்ளிக் கட்டியிருக்கிறார்கள், ஆட்டத்தில் கோபுரம் விழுந்தாலும் கூரையில் விழாதாம். கெட்டிக்காரத்தனம்!

சான் அகுஸ்தினுக்குள் போயிருக்கிறேன். கப்பல் மணிலாவில் நின்றால் கோட்டைச் சுவர் நடை தூரம். முன்னால் இருந்த கட்டடங்கள் நெருப்பில் போன பிறகு கல்லால் கட்டி 1607இல் முடித்தது. வாசலில் சீனத்துக் கருங்கல் சிங்கங்கள் உட்கார்ந்திருக்கின்றன, அதையும் பார்த்துச் சிரித்தேன், ஸ்பானியன் கோயிலுக்குச் சீனன் காவல். உள்ளே மேலே பார்த்தால் முழுக்கச் செதுக்கு வேலை, பூ, கொடி, சட்டம் எல்லாம். கழுத்து வலிக்கப் பார்த்த பிறகுதான் தெரியும், ஒன்றும் செதுக்கவில்லை, தட்டையான பரப்பில் வரைந்தது, 1875இல் இரண்டு இத்தாலியர் வரைந்தார்களாம். முகப்பில் ஒரு கோபுரம்தான், மற்றது 1863, 1880 பூமியதிர்ச்சிகளில் போய்விட்டது. 1945இல் மணிலாவில் ஜப்பானியருக்கும் அமெரிக்கருக்கும் நடந்த சண்டையில் கோட்டைக்குள் இருந்த ஏழு கோயில்களில் நின்றது இந்த ஒன்றுதான். ஏழில் ஒன்று. அந்தக் கணக்கைக் கேட்டபோது எனக்கு யாழ்ப்பாணக் கோட்டைக்குள் 1706இல் ஒல்லாந்தர் கட்டிய சிலுவை வடிவக் கோயில்தான் நினைவுக்கு வந்தது. நமது சண்டையில் அது போய்ச் சேர்ந்தது. இப்போது கோட்டையைச் சுற்றிப் பார்க்கப் போகிறவர்கள் அந்தக் கற்குவியலுக்கு முன்னால் நின்று செல்ஃபி எடுக்கிறார்கள்.

பிலிப்பைன்ஸ்காரர் எல்லாவற்றையும் சரியாகச் செய்தார்கள் என்று சொல்ல மாட்டேன். பல ஊர்களில் பாதர்மார் நல்லெண்ணத்தில்தான், பழைய கல் வெளியே தெரிந்தால் அழகு என்று நினைத்து, சுவரில் இருந்த சுண்ணாம்புப் பூச்சை முழுக்கச் சுரண்டி எடுத்தார்கள். அந்தப் பூச்சு அழகுக்கு இருந்ததில்லை, அது கல்லின் தோல். தோலை உரித்த பிறகு மழையும் காற்றும் கல்லைத் தின்னத் தொடங்கியது. செபுத் தீவில் போல்ஹோன் என்று ஒரு ஊர், அங்கே பிரசங்க மேடையில் இருந்த பழைய மரச் சிற்பப் பலகைகள் 1980களில் காணாமல் போயின. 2024இல் அவற்றில் நான்கை யாரோ சேகரிப்பாளர்கள் தேசிய நூதனசாலைக்கு அன்பளிப்பாகக் கொடுக்க, நூதனசாலை பெருமையாக அறிவிக்க, செபு மறைமாவட்டம் அது எங்கள் கோயில் சாமான், திருப்பித் தாருங்கள் என்று எழுந்து நின்றது. அந்தச் சண்டை வந்ததே எனக்கு நல்ல விசயமாகப் படுகிறது. நம்மிடம் எத்தனை கோயில் சாமான் போயிருக்கும், கேட்க ஒரு ஆள் உண்டா?

அவர்களிடம் இருப்பது கேட்பதற்கு ஒரு பிடி. அவர்களின் அரசாங்கம் 2007இல் வத்திக்கானோடு ஒரு ஒப்பந்தம் எழுதியது, கோயில் மரபுரிமையை இரண்டு பேரும் சேர்ந்து பார்க்க வேண்டும் என்று. 2010இல் ஒரு சட்டம் வந்தது, 50 வருடம் தாண்டிய கட்டடத்தை முக்கியமான பண்பாட்டுச் சொத்து என்றே முதலில் எடுத்துக்கொள்ளச் சொன்னது. பெறுமதி இல்லை என்று சொல்ல வருகிறவன்தான் மனுப் போட வேண்டும் என்றது. 2013 ஒக்டோபரில் போஹோல் தீவில் 7.2 அளவில் பூமி ஆடியது. லோவோன், மரிபோஹோக் ஊர்க் கோயில்கள் குப்பை மேடாகின, லோபொக் கோயில் பாதி விழுந்தது. நம் ஊர் என்றால் அடுத்த கிழமை புல்டோசர் வந்திருக்கும், ஆறு மாதத்தில் புதுக் கொங்கிரீட் கோயிலுக்கு அடிக்கல். அங்கே விழுந்த கல்லைப் பொறுக்கி, தரம் பிரித்து, அடையாளம் போட்டு அடுக்கினார்கள். லோபொக்கும் லோவோனும் திரும்பத் திறந்தது 2021இல். எட்டு வருடம் மக்கள் கொட்டிலில் பூசை கண்டார்கள்.

இனி எங்கள் வீட்டுக் கதை.

நான் சின்ன வயதில் போன பங்குக் கோயில் ஒன்று, பெயர் வேண்டாம், இங்கே கொழும்பில்தான். பிரித்தானியர் காலத்தின் ஆரம்பத்தில் கட்டியது, கபுக் கல் என்கிற செம்புறைக் கல்லும் சுண்ணாம்புச் சாந்தும், மேலே ஓடு. யூபிலி வருடம் வந்தது, கனடாவிலிருந்தும் சுவிஸிலிருந்தும் பழைய பங்கு மக்கள் நிறையக் காசு அனுப்பினார்கள், ஆலயச் சபை கூடியது. சுவர் பொரிந்து போயிருக்கிறது, கொத்திச் சீமெந்து பூசுவோம், நிலத்துக்கு டைல்ஸ், மர யன்னலுக்குப் பதிலாக அலுமினியம். கூட்டத்தில் கை தூக்கச் சொன்னார்கள். நானும் தூக்கினேன். அதைச் சொல்லாமல் மற்றவர்களைக் குறை சொன்னால் அது நேர்மையில்லை.

பூசி முடித்தபோது பளபளவென்று இருந்தது, பாத்திமா மாதா சுரூபத்தின் நிழல் டைல்ஸில் விழும். இரண்டு மழைக்காலம் போயிற்று. ஒரு ஞாயிறு வாங்கில் இடமில்லை, சுவர் ஓரம் நின்றேன், கையை வைத்தால் விரலில் வெள்ளையாக ஏதோ ஒட்டியது. உப்பு. முழங்கால் உயரத்துக்குச் சுவர் முழுக்க உப்புப் பூத்து, பெயிண்ட் அப்பளம் மாதிரி கிளம்பி நிற்கிறது. நகத்தால் தட்டினேன், ஒரு தட்டு அப்படியே விழுந்தது, பின்னால் கபுக் கல் ஈர மண் மாதிரி, விரலை வைத்தால் போகிறது. பிறகு ஒரு பழைய மேசன் பாஸ், சிங்களவர், என் நண்பனின் வீட்டுக்கு வேலைக்கு வந்தவர், அவர்தான் விளங்கப்படுத்தினார். சுண்ணாம்புச் சுவர் மூச்சு விடும், நிலத்திலிருந்து ஏறுகிற ஈரம் சுவர் வழியாக வெளியே போய்க் காய்ந்துவிடும். சீமெந்து பூசினால் அதற்கு வாயும் மூக்கும் அடைத்த மாதிரி, ஈரம் உள்ளேயே நிற்கும், உப்பைக் கூட்டிக்கொண்டு எங்கே இளக்கமோ அங்கே உடைத்துக்கொண்டு வரும். "மாத்தயா, கோட் போட்டுக்கொண்டு கடலில் குளிக்கிற மாதிரி" என்றார். கீழே டைல்ஸ் போட்டதால் நிலத்து ஈரமும் சுவருக்கே போகிறது. எங்கள் காசைக் கொடுத்து எங்கள் கோயிலுக்கு நாங்களே நோய் வாங்கினோம்.

அந்த வேலையோடு மரக் கிராதியும் போனது. சின்னப் பிள்ளையில் நற்கருணைக்கு முழங்காலில் நின்ற கிராதி, என் அம்மம்மா கை வைக்கும் இடம் மட்டும் வழுவழுவென்று தேய்ந்து கறுத்திருக்கும், எனக்கு அந்த இடம் தெரியும், இடமிருந்து ஐந்தாவது கம்பத்துக்குப் பக்கம். பழைய சாமான் வாங்குகிறவன் லொறி கொண்டுவந்து எடுத்துப் போனான். எவ்வளவுக்கு என்று கணக்கில் இருக்கிறது, அந்தத் தொகைக்கு நான்கு ஃபேன் வாங்கினோம். அதில் இரண்டு இப்போது சுற்றுவதில்லை.

ஒருவரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. கேட்பதற்கு ஒரு ஆள் இருக்கவில்லை, அதுதான் விசயம். மியாகாவில் இருந்த கிழவரின் விசிறி மட்டை இங்கே யார் கையிலும் இல்லை.

நமக்கும் சட்டம் இருக்கிறதே என்று கேட்பீர்கள். இருக்கிறது, 1940ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டம். அதன்படி 1815 மார்ச் 2ஆம் திகதிக்கு முந்திய கட்டடம் என்றால் அது தானாகவே புராதனச் சின்னம். அதற்குப் பிந்தியது என்றால், நூறு வருடம் தாண்டியதை வர்த்தமானியில் அறிவித்தால்தான் பாதுகாப்பு. அந்தத் திகதி ஏன்? கண்டி ஒப்பந்தம் எழுதிய நாள். சரி, அரசியல் வரலாற்றுக்கு அது பொருத்தமான திகதியாக இருக்கலாம். ஆனால் கொழும்புக் கத்தோலிக்கக் கோயில்களுக்கு அந்தத் திகதியை வைத்துப் பாருங்கள். 1656இல் கொழும்பைப் பிடித்த ஒல்லாந்தர் கத்தோலிக்கப் பாதிரிமாரைத் துரத்தினார்கள், போர்த்துக்கேயர் காலத்துக் கோயில்களை எடுத்துத் தங்கள் சபைக்கு வைத்துக்கொண்டார்கள், அல்லது இடித்தார்கள். ஜோசப் வாஸ் அடிகளார் 1687இல் கூலியாள் வேடத்தில் வந்து ஒளித்து ஒளித்துப் பூசை வைத்த காலம் அது. பிரித்தானிய ஆளுநர் மெயிற்லண்ட் 1806இல்தான் கத்தோலிக்கர் மேல் இருந்த தடைகளை எடுத்தார். 1806இலிருந்து 1815 வரை ஒன்பது வருடம். அந்த ஒன்பது வருடத்துக்குள் ஒரு ஏழைச் சனம், மீனவரும் துறைமுகத் தொழிலாளரும் கடை வைத்திருந்தவர்களும், கல்லால் கோயில் கட்டி முடித்திருந்தால் தானாகப் பாதுகாப்பு, கொஞ்சம் பிந்தினால் வர்த்தமானிக்குக் காத்திரு. ஆகக் கட்டவிடாமல் தடுக்கப்பட்ட சனத்தின் கோயில்கள்தான் இந்தத் திகதியால் அதிகம் வெளியே நிற்கின்றன. இதை வேண்டுமென்று யாரும் செய்யவில்லை, ஆனால் விளைவு அப்படித்தான்.

அந்தத் திகதிக்கு உள்ளே வந்தவற்றுக்கு நல்ல உதாரணம் வுல்பெண்டால். 1749இல் தொடங்கி 1757இல் திறந்த ஒல்லாந்தர் கோயில், கபுக் கல், ஐந்தடித் தடிப்பு, மேட்டில் நிற்பதால் ஒரு காலத்தில் கடலில் இருந்தே தெரிந்ததாம். (நரிகளை ஓநாய் என்று நினைத்து அந்த இடத்துக்கு ஓநாய்ப் பள்ளத்தாக்கு என்று பெயர் வைத்தவர்கள் அந்த ஐரோப்பியர், நம்மைப் பற்றி அவர்கள் எழுதி வைத்த மற்றதையெல்லாம் எந்த அளவுக்கு நம்பலாம் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.) நிலத்தில் பதித்த கல்லறைக் கற்கள், பழைய கதிரைகள், எல்லாம் இருக்கின்றன. மகளைக் கூட்டிக்கொண்டு போனேன், முப்பது வயது, கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்தவள், பத்து நிமிட நடைதூரத்தில் இருப்பதற்குள் அன்றைக்குத்தான் முதல் தடவை போகிறாள். "அப்பா, இது இவ்வளவு குளிர்மையா இருக்கே, ஏசியா?" என்று கேட்டாள். ஏசி இல்லை பிள்ளை, சுவர்.

மனைவியின் ஊர் சங்கானை. அங்கே போர்த்துக்கேயர் காலத்துக் கோயில் ஒன்றின் சுவர் நிற்கிறது, கூரையில்லை, முருகைக்கல், உள்ளே புல். பாவாய்க் கோயிலின் அடிச்சுவரும் அதே சாதிக் கல்தான், இரண்டும் கடல் கொடுத்த கல். ஒன்றுக்குள் பூசை நடக்கிறது, மற்றதற்குள் ஆடு மேய்கிறது. அந்த இடிபாட்டுக்குள் நின்று மனைவியின் அண்ணா சொன்னார், இதன் கல்லில் பாதி எந்தக் கோயிலில் இருந்து வந்ததோ யாருக்குத் தெரியும் என்று. அந்த வார்த்தையை வெள்ளவத்தை வாசகருக்குச் சொல்ல நினைத்தேன். அப்படிப் பார்த்தாலும் அதைக் காப்பாற்றத்தானே வேண்டும்? இடித்தவனின் தடயமும் இடிபட்டதின் தடயமும் ஒரே சுவருக்குள் இருந்தால் அந்தச் சுவரை விட்டால் வேறு சாட்சி ஏது.

நமக்குப் பாதுகாக்கத் தெரியாது என்று மட்டும் யாரும் சொல்ல வேண்டாம். 2019 ஏப்ரல் 21இல் குண்டு வெடித்த கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலைக் கடற்படையினர் திருத்தி ஜூன் 12இல் திறந்தார்கள், ஐம்பத்திரண்டு நாளில். அதே நாளில் குண்டு வெடித்த நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டிக் கோயிலில் இரத்தம் தெறித்த இயேசு சுரூபத்தைக் கழுவவில்லை, அப்படியே கண்ணாடிக்குள் வைத்திருக்கிறார்கள். அதைக் கழுவிப் பெயிண்ட் அடிக்க வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை பாருங்கள். எதைத் தொடக்கூடாது என்று சனத்துக்குத் தெரியும், தெரிய வைத்தால்.

யுனெஸ்கோ வர வேண்டும் என்று நான் கேட்கவில்லை. முதலில் ஒரு பட்டியல் வேண்டும். கொழும்பில், நீர்கொழும்பில், மன்னாரில், யாழ்ப்பாணத்தில் நூறு வருடம் தாண்டிய கோயில்கள் எவை, சுவர் எதனால் கட்டியது, உள்ளே என்ன மரச்சாமான் இருக்கிறது, படத்தோடு. எங்கள் சபையில் உள்ள பிள்ளைகளிடம் ஆளுக்கு ஒரு ஃபோன் இருக்கிறது, மறைக்கல்வி வகுப்பில் ஒரு மாத வேலை இது, தொல்பொருள் திணைக்களம் வரட்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை. பட்டியல் கையில் இருந்தால்தான் வர்த்தமானியில் போடு என்று கேட்க வாய் வரும். அடுத்தது, ஆயர் இல்லங்களும் மற்றச் சபைத் தலைமைகளும் ஒரு சுற்றறிக்கை அனுப்பினால் போதும்: பழைய கோயிலில் சுவரைக் கொத்துவதற்கு முன்னால், எதையும் விற்பதற்கு முன்னால், சுண்ணாம்பு தெரிந்த ஒருவரைக் கேள். ஒரு பக்கம் கூட வேண்டாம், நாலு வரி. வெளிநாட்டில் இருந்து காசு அனுப்புகிற நம் சனத்துக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் பெயர் பொறித்த டைல்ஸை விடச் சுண்ணாம்பு மலிவு, அதில் பெயர் எழுத முடியாது என்பதுதான் ஒரே குறை.

சைவக் கோயில்களுக்கும் பள்ளிவாசல்களுக்கும் இது அப்படியே பொருந்தும், அங்கேயும் கருங்கல்லுக்கு எனாமல் பெயிண்ட் அடிக்கிறார்கள், ஆனால் அதைச் சொல்ல வேண்டியவர்கள் அந்தந்தக் கோயில்காரர், நான் என் வீட்டைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

கடைசியாக ஒன்று, இதைத்தான் வெட்ட வேண்டாம் என்று சொன்னேன். நான் சொன்ன அந்தப் பங்குக் கோயிலில் மண்டபத்துக்குப் பின்னால் பழைய பெரிய வாசல் கதவு இரண்டும் சுவரில் சாத்தியபடி கிடக்கின்றன, கிராதியோடு விற்கப் போனது, லொறியில் இடம் போதாமல் தப்பியது. பலா மரம் போலத்தான் இருக்கிறது, கையால் அடித்த ஆணிகள், பிணைச்சல் ஒவ்வொன்றும் என் முழங்கை நீளம். கீழ் ஓரத்தில் கறையான் தொடங்கியிருக்கிறது. போன சனிக்கிழமை புறக்கோட்டையில் ஒரு தறப்பாள் வாங்கி, நானும் மகளும் போய், கதவுகளைச் செங்கல்லின் மேல் தூக்கி வைத்து, மழை படாமல் போர்த்திக் கயிறு கட்டிவிட்டு வந்தோம். ஆலயச் சபையிடம் அனுமதி கேட்கவில்லை. இந்தக் கடிதத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்வார்கள்.

இப்படிக்கு,
பழைய கப்பல்காரன் ஒருவன்,
கொட்டாஞ்சேனை,
கொழும்பு 13.